உயிருள்ளவரை ஒளிரும் மணி

அழகிய பொருளொன்றைக் கண்டவுடன் அதனை எடுத்து வைத்துக்கொள்ள விரும்புதல் மனித இயல்பு. கடற்கரையிற் பொறுக்கிய சிப்பியை வீட்டுக்குக் கொண்டுவருகின்றோம். மயிலிறகைப் புத்தகத்தினுள் வைக்கின்றோம். பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்து, அதற்கு இலையுமிட்டு, முட்டையிடுமா என்று காத்திருக்கின்றோம். இவ்வாறு எடுத்து வைத்த பொருள்கள் பெரும்பாலும் எம்மைக் கைவிடுவதில்லை. ஆண்டுகள் பல சென்றாலும் சிப்பியின் உட்புறம் மினுங்கும். மயிற்பீலியின் கண் மங்குவதில்லை. பொன்வண்டு இறந்த பின்னும் அதன் சிறகுறை பொன்னாகவே இருக்கும்.

இந்த வரிசையிற் சேராத மணி ஒன்று உண்டு. செடியின்மேல் இருக்கும்போது மரகதத்தோடும் நீலத்தோடும் போட்டியிடும் அது, பெட்டிக்குள் வந்து உலர்ந்ததும் ஒளியை இழந்துவிடுகின்றது. அதனைக் காண விரும்புவோர் செடியிடம் செல்லவேண்டுமேயன்றி, செடியிலிருந்து அதனைத் தம்மிடம் கொண்டுவர இயலாது. ஆங்கிலத்தில் அணிகலத்தோடு சேர்த்துப் பெயர் பெற்ற பூச்சியினம் இது. நான் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில் மாணவருக்கு இதனை 'மணிப்பூச்சி' என்றே சொல்லிக் கொடுத்தேன். இக்கட்டுரையிலும் அப்பெயரையே வழங்குகின்றேன்.

வண்டு அன்று

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் வேலிகளுக்கு நடப்படும் செடிகளுள் காட்டாமணக்கும் ஒன்று. ஆதாளை என்றும் அதனைச் சொல்வர். ஆடு மாடுகள் வாய் வைக்காத செடி ஆகையால் வேலிக்கு அது மிகப் பொருத்தமானது. மாரி மழைக்குப் பின் அது தழைத்துக் காய் விடும் காலத்திலே, பச்சைக் காய்களின்மேல் பச்சையும் நீலமும் கலந்து மின்னும் சிறு பூச்சிகள் கூட்டமாக அமர்ந்திருப்பதைக் காணலாம். ஒவ்வொன்றின் முதுகிலும் கரும்புள்ளிகள் ஒழுங்காக இடப்பட்டிருக்கும். மாணவரை அங்கே அழைத்துச் சென்ற போதெல்லாம் முதலில் எழும் கேள்வி ஒன்றே:

"சேர், இது பொன்வண்டுக் குஞ்சோ?"

"தொடாமல் முதுகை உற்றுப் பாரும் தம்பி. நடுவிலே கோடு தெரிகின்றதா?" என்பேன்.

கோடு தெரியாது. அந்த ஒரு கோட்டிலேதான் இரு பெரும் பூச்சி வரிசைகளின் வேறுபாடு அடங்கியிருக்கின்றது. வண்டுகளின் முன்சிறகுகள் இரண்டும் தடித்து உறைகளாகி, முதுகின் நடுவே ஒன்றையொன்று தொட்டு நிற்கும். அவை தொடும் இடமே அக்கோடு. மணிப்பூச்சியின் முதுகை மூடியிருப்பது சிறகு அன்று. நெஞ்சின் மேற்புறத்திலிருந்து பின்னோக்கி வளர்ந்த ஒற்றைத் தகடு அது. மற்றைய மூட்டுப்பூச்சிகளில் அத்தகடு சிறு முக்கோணமாக நின்றுவிடும். மணிப்பூச்சியிலோ அது கேடயம் போல் விரிந்து, சிறகுகளையும் வயிற்றையும் ஒருங்கே மூடிவிடுகின்றது. பறக்க வேண்டியபோது அக்கேடயம் அசையாது. அதன் பக்கங்களின் கீழிருந்து சிறகுகள் வெளிப்படும். சிறு கேடயம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்தே இக்குடும்பத்துக்கு ஸ்குட்டெல்லெரிடே என்னும் பெயர் அமைந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 450 இனங்கள் இக்குடும்பத்தில் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றின் நீளம் 5 மில்லிமீற்றருக்கும் 20 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டது.

ஆகவே, மணிப்பூச்சி பொன்வண்டின் உறவன்று. படுக்கையில் எம்மைக் கடிக்கும் மூட்டைப்பூச்சிக்கும், நெற்கதிரின் பாலை உறிஞ்சி வயலெங்கும் நாற்றம் பரப்பும் பூச்சிக்குமே அது உறவு. வண்டுக்குக் கடித்து மெல்லும் தாடைகள் உண்டு. மூட்டுப்பூச்சி இனத்துக்கு உள்ளது நீண்ட உறிஞ்சுமூக்கு. அதனுள்ளே மயிரினும் நுண்ணிய நான்கு ஊசிகள் ஒன்றாய்ச் சேர்ந்திருக்கும். உள்ளே அமைந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி இரு குழாய்களை உண்டாக்குகின்றன. ஒரு குழாய் வழியே உமிழ்நீர் செடிக்குள் இறங்கும். மற்றதன் வழியே கரைந்த உணவு மேலேறும். பூச்சி ஓய்ந்திருக்கும்போது இக்கருவி முழுவதும் வயிற்றுப்புறத்தில் மடிந்து கிடக்கும். அதனால் மேலிருந்து பார்ப்பவருக்கு அது தெரிவதில்லை.

வளர்ச்சியிலும் வேறுபாடு உண்டு. பொன்வண்டு முட்டையிலிருந்து குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, அதன் பின்னரே வண்டாகும். மணிப்பூச்சிக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வெளிவரும் அணங்கு ஐந்து பருவங்களைக் கடந்து, ஐந்து முறை தோலுரித்து நிறைபூச்சியாகின்றது. ஒவ்வொரு தோலுரிப்பிலும் சிறகின் மொட்டுகள் சற்று நீளும். ஐந்தாவது உரிப்பிலேதான் கேடயம் முழுமை பெறும். தோலுரித்த வேளையில் பூச்சி வெளிறி, மென்மையாக இருக்கும். நேரம் செல்லச் செல்லவே மேல்தோல் இறுகி, மணியின் ஒளி தோன்றும். ஒரே காட்டாமணக்குக் குலையில் இப்பருவங்கள் பலவற்றையும் ஒருங்கே காணலாம் என்பதால், பூச்சிகளின் வளர்ச்சியைக் கற்பிக்க இதனிலும் எளிய பாடப்பொருளை நான் கண்டதில்லை.

பாலுள்ள செடிகளின் விருந்தாளி

இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காணப்படும் மணிப்பூச்சிகள் பல, ஆமணக்குக் குடும்பத்துச் செடிகளையே பெரிதும் நாடுகின்றன. கிரைசோகோரிஸ் என்னும் சாதியைச் சேர்ந்தவை காட்டாமணக்கிலும் எலியாமணக்கிலும் வாழும். கந்தாவோ என்னும் சாதியினது செந்நிறப் பூச்சி, வட்டக்கண்ணி போன்ற மரங்களின் இலைகளிலும் காய்களிலும் கூடும். சிங்கப்பூர்க் கரையோரத்துக் கண்டற் காடுகளிலே, தன் பாலினாற் கண்ணைக் கெடுக்கும் எனப் பெயர்பெற்ற தில்லை மரத்திற் கூடும் மணிப்பூச்சி இனம் ஒன்றும் உண்டு. மற்றைய விலங்குகள் அஞ்சி விலகும் செடிகளே இவற்றுக்குப் பந்தி விரிக்கின்றன.

இவற்றுள் காட்டாமணக்கு எமது மண்ணுக்குரிய செடி அன்று. வெப்ப அமெரிக்காவிலிருந்து பிற நாடுகளுக்குப் பரவியது அது. அந்நியச் செடி வந்து வேலியில் வேரூன்றியதும், அதே குடும்பத்து மரங்களிற் பழகியிருந்த உள்ளூர்ப் பூச்சி அதனையும் தன் உணவாக ஏற்றுக்கொண்டது. வேலியிலே அதனால் எவர்க்கும் இழப்பில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில், வித்திலிருந்து எரிபொருள் எடுக்கும் நோக்குடன் இந்தியாவிற் காட்டாமணக்கைப் பெருந்தோட்டங்களாக நட்டபோது நிலைமை வேறாயிற்று. ஸ்குட்டெல்லெரா என்னும் மணிப்பூச்சி அங்கே பெருகிப் பூவையும் இளங்காயையும் உறிஞ்சி உதிரச் செய்ததாக வேளாண்மை ஆய்வாளர் பதிவு செய்தனர். வேலியிலே விருந்தாளியாக இருந்தது தோட்டத்திலே பகையாயிற்று. பூச்சி மாறவில்லை, செடியை நட்ட முறையே மாறியது.

சாயமில்லாத நிறம்

இனி அந்த ஒளியின் கதைக்கு வருவோம்.

துணிக்கு நிறம் தருவது சாயம். செவ்வரத்தைப் பூவுக்கு நிறம் தருவதும் அதன் உயிரணுக்களில் உள்ள நிறப்பொருளே. மணிப்பூச்சியின் செம்மஞ்சளும் கருமையும் இவ்வகையின. அதன் பச்சையும் நீலமுமோ வேறு வகையில் தோன்றுகின்றன. பூச்சியின் மேல்தோல், கைற்றின் என்னும் பொருளாலான மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட அமைப்புடையது. ஓர் ஏட்டின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்களவில் இருக்கும். ஒளி இவ்வடுக்கின்மேல் விழும்போது ஒவ்வோர் ஏட்டின் மேற்பரப்பிலிருந்தும் சிறிது திரும்பும். திரும்பும் அலைகளுள் ஒரு குறித்த நீளமுடையவை ஒன்றுக்கொன்று வலுவூட்டும். மற்றவை ஒன்றையொன்று குலைத்துக்கொள்ளும். வலுப்பெற்ற அந்த அலையே எமது கண்ணுக்குப் பச்சையாகவோ நீலமாகவோ தோன்றுகின்றது. மழை நனைத்த தெருவில் சிந்திய எண்ணெயும், சிறுவர் ஊதும் சவர்க்காரக் குமிழும் வானவில் காட்டுவது இதே முறையினாலேயே. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும் என்பது இதற்கு அடையாளம்.

ஒளியின் இவ்விளையாட்டை விஞ்ஞானிகள் நெடுங்காலமாகவே கவனித்து வந்துள்ளனர். ஆங்கில விஞ்ஞானி ரொபர்ட் ஹூக், 1665இல் வெளியிட்ட தமது நுணுக்குக்காட்டி நூலில் மயிலிறகைப் பற்றி எழுதுகையில், அதனை நீரில் நனைத்தால் நிறம் மறைந்துவிடுகின்றது என்று குறிப்பிட்டார். சாயமாயின் நீரில் நனைந்தவுடன் மறையாது. நுண்ணிய அமைப்பினால் ஆனதாகையாலேயே மறைந்தது. மணிப்பூச்சியில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. அதன் ஏடுகளில் உயிருள்ளபோது நீர் தங்கியிருக்கின்றது. பூச்சி இறந்து உலர்ந்ததும் அந்நீர் வெளியேறுகின்றது. ஏடுகள் சுருங்கி மெலிகின்றன. மெலிந்த ஏடு குறுகிய அலையையே திருப்புமாகையால், பச்சையாக இருந்தது நீலமாகவும் ஊதாவாகவும் மாறும். சில இனங்களில் ஒளியே அவிந்து கருமை மட்டும் எஞ்சும். உலர்ந்த அப்பூச்சியை நீரில் நனைத்துவைத்தால் மறைந்த நிறம் மீண்டும் தோன்றுவதும் உண்டு. நீர் வற்றினால் அதுவும் மறையும்.

பொன்வண்டின் நிறமும் ஏடுகளின் அடுக்கினால் வருவதே. ஆனால் அவ்வேடுகள் இறுகி உலர்ந்த நிலையிலும் தம் அளவு மாறாதவை. யப்பானில் நாரா மாகாணத்து ஹோரியூஜி ஆலயத்திலே, 7ஆம் நூற்றாண்டில் பொன்வண்டின் சிறகுறைகளைப் பதித்துச் செய்த சிறு கோயில் ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகின்றது. சிறகுறைகள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. உதிராமல் எஞ்சியவற்றில் 1300 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த மினுக்கம் உண்டு. மணிப்பூச்சியைப் பதித்து அத்தகைய கோயிலைச் செய்திருந்தால், சிற்பி தன் வேலையை முடிக்குமுன்னரே அதன் ஒளி மங்கியிருக்கும்.

இதிலே கல்விக்குரிய ஓர் உண்மை இருக்கின்றது. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் பீற்றர் துன்பேர்க், யப்பானிலிருந்து திரும்பும் வழியில் 1777ஆம் ஆண்டிலும் 1778ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இலங்கையில் தங்கிச் செடிகளையும் பூச்சிகளையும் திரட்டியவர். கந்தாவோ ஒசெல்லாற்றஸ் என இன்று வழங்கும் மணிப்பூச்சிக்கு 1784இல் முதன்முதல் விஞ்ஞானப் பெயரிட்டவர் அவரே. பின்னர் டபிள்யு. எல். டிஸ்ரன்ற் என்பார், இலங்கையையும் பர்மாவையும் உள்ளடக்கிய பிரித்தானிய இந்தியாவின் விலங்கின நூல்வரிசையிலே மூட்டுப்பூச்சிகளுக்கான முதல் தொகுதியை 1902இல் வெளியிட்டார். உலர்ந்து ஊசியில் குத்தப்பட்ட மாதிரிகளைக் கொண்டே இத்தகைய பெருநூல்கள் பெரும்பாலும் எழுதப்பட்டன. அவர்களுடைய உழைப்பை வியக்காதிருக்க இயலாது. இன்று நாம் வழங்கும் பெயர்கள் பல அவர்கள் தந்தவை. ஆனால் அப்பெட்டிகளில் அவர்கள் கண்ட நிறம் செடியில் இருந்த நிறம் அன்று. யப்பானிய மணிப்பூச்சி ஒன்றுக்கு டிஸ்ரன்ற் 1883இல் பெயரிட்டார். அதே இனத்தின் மேல்தோலை யப்பானிய ஆய்வாளர் நுணுகி ஆராய்ந்து, அதன் நிறத்துக்கும் ஏடுகளின் அமைப்புக்கும் உள்ள தொடர்பை 2002இல் வெளியிட்டனர். பெயர் அறிந்ததற்கும் நிறத்தின் காரணம் அறிந்ததற்கும் இடையே 119 ஆண்டுகள் சென்றன.

யாருக்கு இந்த அறிவிப்பு?

இத்தனை ஒளியோடு பச்சை இலையில் வெளிப்படையாக அமர்ந்திருப்பது ஆபத்தன்றோ என்று மாணவர் கேட்பர். நியாயமான கேள்வி. விடையை அறிய மூக்கைச் சற்று அருகிற் கொண்டுபோனால் போதும். மணிப்பூச்சியின் நெஞ்சின் அடியில் நாற்றச் சுரப்பிகள் உள்ளன. அணங்குப் பருவத்தில் அவை வயிற்றின் மேற்புறத்தில் இருக்கும். நிறைபூச்சியில் கேடயம் முதுகை மூடிவிடுவதனால் கீழ்ப்புறத்துச் சுரப்பிகள் அத்தொழிலை ஏற்கின்றன. வெருட்டினாலோ பிடித்தாலோ அவை வெளியிடும் நீர் கடும் நாற்றமும் எரிச்சலும் தரும். ஒருமுறை அதைச் சுவைத்த பறவை அந்நிறத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆகவே ஒளி அங்கே அழைப்பன்று, எச்சரிக்கை. நூறு பூச்சிகள் ஒரே கிளையிற் கூடி அமரும்போது அந்த எச்சரிக்கை பெரிய எழுத்தில் எழுதப்பட்டது போலாகின்றது.

ஆனால் எச்சரிக்கையும் வாசிக்கத் தெரிந்தவருக்கே எச்சரிக்கை. அவுஸ்திரேலியாவில் செவ்வரத்தையிலும் பருத்தியிலும் வாழும் தெக்டோகோரிஸ் என்னும் மணிப்பூச்சி செம்மஞ்சள் நிறமும் நீலப் பச்சைத் திட்டுகளும் உடையது. அதனைப் பற்றி அங்குள்ள ஆய்வாளர் 2015இல் வெளியிட்ட முடிவு சுவையானது. பறவையின் கண்ணுக்குப் பச்சை இலையின்மேல் அச்செம்மஞ்சள் பளிச்செனத் தெரியும். நிறங்களைப் பிரித்தறியாத கும்பிடுபூச்சியின் கண்ணுக்கோ செம்மஞ்சளும் இலைப்பச்சையும் ஒன்றாகவே தோன்றும். ஒரே உடை ஒருவர்க்கு அறிவிப்பாகவும் மற்றொருவர்க்கு மறைப்பாகவும் பயன்படுகின்றது. எமது கண்ணே உலகின் அளவுகோல் என்று எண்ணுவோர் இதனைச் சற்றுச் சிந்திக்கலாம்.

தாயின் காவல்

பூச்சிகளிலே தாய்ப்பாசம் என்று பேசினால் சிலர் நகைப்பர். பெரும்பாலான பூச்சிகள் முட்டையை இட்டுவிட்டுத் தம் வழியே செல்வன என்பது உண்மையே. மணிப்பூச்சிக் குடும்பத்திற் சில அவ்வாறு செல்வதில்லை. மேற்கூறிய தெக்டோகோரிஸ், மெல்லிய கிளையொன்றைச் சுற்றி வளையல் போல முட்டைகளை ஒட்டி வைத்து, அவை பொரிக்கும்வரை அதன்மேலேயே நிற்கும். துன்பேர்க் பெயரிட்ட கந்தாவோவும் இலையின் மேல் முட்டைகளை இட்டு, தன் உடலினால் அவற்றை மூடிக் காக்கும். எறும்போ பிற பூச்சியோ அணுகினால் அந்தப் பக்கமாகத் தன் கேடயத்தைச் சாய்க்கும். கேடயம் என்னும் பெயர் அப்போது முழுப் பொருளும் பெறுகின்றது.

இக்காவலுக்கு உரிய பெரும்பகை உருவிலே மிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றர் அளவேயுள்ள குளவிகள் சில, மூட்டுப்பூச்சிகளின் முட்டைக்குள்ளே தம் முட்டையை இடுகின்றன. அணங்கு வெளிவர வேண்டிய முட்டையிலிருந்து குளவி வெளிவரும். தாய் காவல் புரியும் மூட்டுப்பூச்சிகளை ஆராய்ந்தோர், உடலின் கீழ் அகப்பட்ட நடுமுட்டைகள் தப்புவதையும், ஓரத்து முட்டைகளே பெரிதும் குளவிக்கு இரையாவதையும் கண்டுள்ளனர். தாயின் உடல் எவ்வளவோ அவ்வளவே காவல்.

தாய் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பது காவல் மட்டுமன்று. செடியின் சாற்றை மட்டும் நம்பி வாழும் மூட்டுப்பூச்சிகள் பலவற்றின் குடலிலே, அவற்றுக்குத் துணைபுரியும் பற்றீரியாக்கள் சிறு அறைகளில் வாழ்கின்றன. கந்தாவோவின் குடலிலும் அத்தகைய பற்றீரியா உண்டென யப்பானிய ஆய்வாளர் 2010இல் வெளியிட்டனர். முட்டையிடும்போது அதன் மேற்பரப்பில் தாய் அவற்றைப் பூசிவிடுகின்றது. பொரித்த குஞ்சு அங்கிருந்தே தன் வாழ்நாட் துணையைப் பெறுகின்றது. கட்டுச்சோறு கட்டிப் பிள்ளையைப் பயணம் அனுப்பும் தாயை இது நினைவூட்டவில்லையா?

ஒளியில்லாத உறவினன்

இதுவரை கூறியவற்றைக் கேட்டோர் மணிப்பூச்சிகள் யாவும் அழகும் அடக்கமும் உடையவை என முடிவு செய்தல் கூடாது. இதே குடும்பத்தில் யூரிகஸ்ரர் என்னும் சாதி உண்டு. மண்ணிறமான, ஒளியற்ற பூச்சி. மணி என்று எவரும் அதனை அழைக்கமாட்டார். ஈரான், சிரியா, துருக்கி முதலிய நாடுகளிலும் மத்திய ஆசியாவிலும் கோதுமைக்கு நேர்ந்த பெரும் பகைகளுள் அது ஒன்று. குளிர்காலத்தை மலைச்சரிவுகளிற் சருகின் கீழ்க் கழித்து, இளவேனிலில் வயலுக்கு இறங்கும். பெண் பூச்சி ஒருமுறைக்குப் பெரும்பாலும் 14 முட்டைகளை இடும். இவ்வினத்தில் இரு சூலகங்களிலும் எவ்வேழு சூற்குழாய்கள் இருத்தலே அந்த எண்ணிக்கைக்குக் காரணம்.

அது உண்ணும் கோதுமையின் அளவு பெரிதன்று. மணியைத் துளைத்து உட்செலுத்தும் உமிழ்நீரே பெருங்கேட்டை விளைக்கின்றது. அதிலுள்ள நொதியங்கள், மாவுக்குப் பிசுபிசுப்பையும் நீட்சியையும் தரும் புரதத்தைச் சிதைத்துவிடும். நூறு மணிகளில் 2 முதல் 5 வரை இவ்வாறு குத்தப்பட்டிருந்தாலே அம்மாவில் நல்ல பாண் சுட இயலாது. மின்னும் உறவினர் வேலியிற் காய்களை உறிஞ்சிக் காலங்கழிக்க, மங்கிய உறவினன் ஒரு நாட்டின் அடுப்பையே அணைத்துவிடுகின்றான். நிறத்தைக் கொண்டு குணத்தை அளக்கலாகாது என்பதற்கு இயற்கையே தந்த சான்று இது.

வேலியும் மதிலும்

பெட்டியில் வைத்த மணிப்பூச்சி தன் நிறத்தை மட்டும் இழப்பதில்லை. அதன் நாற்றம் போய்விடுகின்றது, கூட்டம் போய்விடுகின்றது, முட்டைமேல் நிற்கும் காவல் போய்விடுகின்றது, எந்தக் காயில் எந்தப் பருவத்தில் அமர்ந்திருந்தது என்பதும் போய்விடுகின்றது. எஞ்சுவது ஒரு பெயர்ச்சீட்டும் ஒரு கரிய ஓடும். பெயரைக் கற்பதற்கு அது உதவும். பூச்சியைக் கற்பதற்கு வேலிக்கே செல்லவேண்டும்.

அந்த வேலிதான் இப்போது எமது கண்முன் அருகி வருகின்றது. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் காட்டாமணக்கும் நின்ற எல்லைகளிலே சீமெந்து மதில்கள் எழுகின்றன. மதில் கட்டுவோரை நான் குறைகூறவில்லை. ஆண்டுதோறும் கதியால் போட்டு வேலி அடைக்க ஆளும் பொழுதும் கிடைப்பது அரிது. பாதுகாப்பு என்னும் தேவையும் உண்டு. ஆயினும் ஒரு வேலி போகும்போது போவது தடிகளின் வரிசை மட்டுமன்று என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். மணிப்பூச்சியும், அதன் முட்டையைத் தேடும் குளவியும், இலையிடுக்கிற் காத்திருக்கும் கும்பிடுபூச்சியும் சேர்ந்து அமைந்த ஒரு சிறு நாடே அங்கிருந்து பெயர்கின்றது. அந்நாட்டைப் படமெடுத்து வைக்கலாம்; பெட்டியில் வைக்க முடியாது.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாடசாலைக் காணியின் ஒரு மூலையிலாவது பத்து முழ நீளத்துக்கு உயிர்வேலி இருக்கட்டும். அதிலே சில காட்டாமணக்குத் தடிகளையும் ஊன்றிவிடுங்கள். அதன் வித்து நஞ்சு என்பதை மட்டும் மாணவருக்கு முதலிலேயே உறுதியாகச் சொல்லி, வாயில் வைக்காது காத்துக்கொள்ளுங்கள். காய் விடும் காலத்தில் ஒரு கைவில்லையும் ஒரு குறிப்புப் புத்தகமும் போதும். முதுகிற் கோடு உண்டா, கொம்பில் எத்தனை கணு, அணங்குகள் எத்தனை பருவத்தில் உள்ளன, வெயில் ஏறும்போது நிறம் எவ்வாறு மாறுகின்றது என்று அவர்கள் எழுதி வரட்டும். ஒவ்வொரு வாரமும் அதே கிளைக்குச் சென்று அதே கேள்விகளைக் கேட்கட்டும். இலங்கையின் மணிப்பூச்சிகளின் வாழ்க்கையைப் பற்றி எழுத இன்னும் நிறைய இடம் இருக்கின்றது. அதனை எழுதும் கை எமது பாடசாலை ஒன்றிலிருந்தே புறப்படலாம்.

மாணவர்களுக்கு ஒன்றே சொல்வேன். பார்த்து முடிந்ததும் பூச்சியை அதன் காயிலேயே விட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் மறுவாரம் உங்களிடம் இருக்கப்போவது மணி அன்று. கிளையிலே விட்டால் மறுவாரமும் அங்கே சென்று காணலாம்.